ஸ்கேனர் போட்ட சத்தம்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் என் மேசைக்கு எதிரே நின்று அட்டைப்பெட்டிகளை ஸ்கேன் செய்வாள். ஒவ்வொரு பெட்டிக்கும் என் ஸ்கிரீனில் ஒரு வரி ஏறும்.

ஸ்கேனர், கீபோர்டு, மவுஸ் மூன்றின் வயர்களும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தன. ஹப்புக்குத் தனியாக கரண்ட் கிடையாது. கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒற்றை வயர்தான் எல்லாவற்றுக்கும். சுவர் பிளக்கில் போன் போடக்கூடாது என்பது கம்பெனி உத்தரவு. அதனால் ஹப்பில் காலியாயிருந்த இடத்தில் என் போனைச் செருகி, மேசைக்கடியில் மறைத்து வைப்பேன்.

ஒரு மதியம் லோடு ஏற்றும்போது பார்த்தால், பன்னிரண்டு பெட்டிகள் ஸ்கிரீனில் இல்லை. லாரி கிளம்ப முடியாமல் நின்றுவிட்டது. மேனேஜர் வந்தார்.

“ஏனுங்க, பாத்து ஸ்கேன் பண்றதில்லீங்களா?” என்று அவளிடம் கேட்டார்.

“எல்லாத்தையும் பண்ணுனேன் சார். சத்தம் வந்துச்சு.” அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்களும் கேட்டீங்கல்லக்கா?”

கேட்டிருந்தேன். ஆனால், “ஸ்கிரீன்ல வரலீங்களே” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாளே அவளைப் பிசிறு வெட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். நாள் முழுக்கக் குனிந்தபடி துணியில் தொங்கும் நூலை வெட்டும் வேலை.

அவள் இடத்துக்கு ஆள் வராததால் ஸ்கேனரை நானே எடுத்தேன். நாலாவது பெட்டியில் அது அணைந்து, திரும்ப எரிந்து, ‘பீப்’ என்றது. ஸ்கிரீனில் எதுவும் ஏறவில்லை. சந்தேகத்தில் போனை உருவினேன். அதன்பிறகு ஒரு பெட்டிகூடத் தவறவில்லை. மறுபடி செருகினேன், மறுபடி அணைந்தது. போன் இழுத்தது போக ஸ்கேனருக்குக் கரண்ட் போதவில்லை. அது அணைந்து எரியும்போது போட்ட சத்தத்தை, பெட்டி ஏறிய சத்தமென்று அவள் நம்பியிருக்கிறாள்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மேனேஜரிடம் சொன்னேன்.

“லோடுதான் போயிருச்சுங்களே, விடுங்க. அவங்களத் திரும்ப வரச் சொல்றேன்” என்றார்.

அவளிடம் நானே போய், என் போனால் வந்த வினையென்று சொன்னேன். கத்தரியை நிறுத்தாமல் கேட்டாள்.

“அன்னைக்கே தெரியுமாக்கா?”

“இல்ல அம்மிணி. பொறகுதான் தெரிஞ்சுது.”

“எப்ப?”

“ரெண்டு நாளாச்சு.”

அவள் அடுத்த துணியை எடுத்துக்கொண்டாள்.

மேனேஜர் கூப்பிட்டும் பேக்கிங்குக்கு அவள் வரவில்லை. கேன்டீனில் என்னைப் பார்த்தால் சிரிப்பாள். தட்டை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விடுவாள்.