மூன்று பண்டிகைகளுக்கு ஒரு ரயில்

புதுத் தகரத்துக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. மெஷின் எண்ணெயும் காய்ந்த சாயமும் கலந்து, நாணயத்தை நக்கிப் பார்த்தாற்போல நாக்கின் அடியில் வந்து நிற்கும். எங்கள் ஒழுங்கையில் அந்த வாசனையை முதலில் பிடித்தவன் கிளமென்ட். கொட்டாஞ்சேனையில் ஞாயிறு பூசை முடிந்து தகப்பனோடு திரும்பும் வழியில், ஒரு கடையின் கண்ணாடி அலுமாரி திறந்திருந்த நேரம் பார்த்து மூக்கை உள்ளே விட்டுவிட்டு, வெள்ளவத்தைக்கு வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் எங்கள் மதிலில் ஏறி நின்று, "ரயில், சாவி முறுக்கினா ஓடுற ரயில்" என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்.

நாட்டுக்குள் விளையாட்டுச் சாமான் வராத காலம் அது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, கப்பலில் வந்தது அரிசி, மா, சீனி. அந்த ரயில் கட்டுப்பாட்டுக்கு முன்னர் வந்து, வாங்க வசதியுள்ளவன் யாரும் வராததால் அலுமாரியிலேயே வயதாகிப் போன ஒன்று. கடைசியில் முதலாளி மனம் வெறுத்து, வட்டத் தண்டவாளத்தில் ஒரு பாதி தனி, மறு பாதி தனி, இஞ்சினும் பெட்டியும் தனி என்று மூன்றாகப் பிரித்து விற்பதென்று முடிவு செய்திருந்தார். பாதித் தண்டவாளத்தை எவன் வாங்குவான் என்று அவர் யோசிக்கவில்லை. அதை நாங்கள் யோசித்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர்: கிளமென்ட், எதிர்வீட்டு நிலாம், ராஜி என்கிற நான். மூவருக்கும் ஒன்பதும் பத்துமாக வயது. அதாவது விளையாட்டுச் சாமான் விஷயத்தில் நாங்கள் ஓய்வூதியமும் இல்லாமல் இளைப்பாறியவர்கள். ஒழுங்கையின் எல்லா வீட்டிலும் ஒரே சட்டம்தான். "ஏழு வயசு வந்தா இனிச் சட்டையும் பள்ளிக்கூடக் கொப்பியும்தான்" என்பார் என் அம்மா. நிலாமின் வாப்பாவும் கிளமென்டின் அப்பா விக்டர் அங்கிளும் அதையே தத்தம் தமிழில் சொல்வார்கள். மூன்று மதங்களும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்த வேறொரு விடயத்தை நான் இன்றுவரை கண்டதில்லை.

இன்னொரு சட்டமும் இருந்தது. பண்டிகைக்கு முன் சின்னதைக் கடைக்குக் கூட்டிப்போய், அதன் கையாலேயே தெரிவு செய்ய விடவேண்டும். அந்த நேரம் வேறு எவரும் வாய் திறக்கக்கூடாது. "பிள்ளை தொட்டதுதான் பிள்ளைக்கு." பிறகு மாற்றிக் கேட்டு அழுவதற்கும் இடமில்லை, பெரியவர்கள் மலிவானதைத் தலையில் கட்டுவதற்கும் இடமில்லை. பின்னாளில் நான் அரசாங்கக் கொள்வனவுப் பிரிவில் அமர்ந்து டெண்டர் சபைகளில் எத்தனையோ சுற்றறிக்கைகளை வாசித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான, ஓட்டையில்லாத விதியை எந்தத் திறைசேரியும் எழுதவில்லை.

ஓட்டையில்லை என்றேன். ஒன்று இருந்தது. கடைக்குள்தான் பேசக்கூடாது, கடைக்குப் போகுமுன் சின்னதுகளுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த வருடம் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் கிறிஸ்மசும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி சில வாரங்களுக்குள் வந்தன. என் தம்பி பாபு தீபாவளிக்கு ஒரு பாதித் தண்டவாளத்தைத் தொட வேண்டும். நிலாமின் தம்பி ரிஸ்வி பெருநாளைக்கு மறு பாதியைத் தொட வேண்டும். கிளமென்டின் தங்கச்சி மரியா கிறிஸ்மசுக்கு இஞ்சினைத் தொட வேண்டும். பிறகு ஒழுங்கைக்கே ஒரு ரயில்வே. திட்டம் எங்கள் மதில் மேல் ஒரே பின்னேரத்தில் தீர்ந்தது.

பாபு லேசாக விழுந்தான். தோடம்பழ இனிப்பு ஒரு கை நிறையப் போதுமாயிருந்தது. கடையில் அவன் வளைந்த தகரத்தைத் தொட்டதும், சட்டப்படி வாய் திறக்கக்கூடாத அப்பா, தொட்டு முடிந்தபடியால் திறந்தார். "இஞ்சின் இல்லாத தண்டவாளத்த வச்சு என்னடா செய்யப்போறாய்?" பாபு நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி, "பாத்துக்கொண்டிருப்பன்" என்றான். அப்பா அன்றிரவு சாப்பிடும்போதும் அவனை ஒருமாதிரியாகத்தான் பார்த்தார். பெருநாளைக்கு ரிஸ்வியும் பிழைவிடவில்லை. நிலாமின் வாப்பா ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "பெருநாளைக்கு வளைஞ்ச தகரம் கேட்ட புள்ளய நான் இண்டைக்குத்தான் கண்டன்."

இரண்டு பாதிகளையும் எங்கள் வீட்டுச் சிவப்புச் சீமெந்துத் தரையில் வைத்துப் பொருத்தியபோது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. வட்டம் மூடிக்கொண்டது. நாங்கள் மூவரும் அதைச் சுற்றிக் குப்புறப் படுத்து, இல்லாத ரயில் வளைவுகளில் சாய்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாபு சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டது. கடற்கரைப் பக்கம் உண்மை ரயில் போய், குசினித் தட்டுகள் மெல்ல நடுங்கும்போதெல்லாம் நிலாம் எழும்பி உட்கார்ந்து, "எத்தின நாள் இன்னும்" என்று கிளமென்டைக் கேட்பான்.

இனி எல்லாம் மரியாவின் கையில்.

மரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருகிற மாசியில் அவளுக்கு ஏழு வயது. ஆகவே இதுதான் அவளுக்கு விளையாட்டுச் சாமான் கிடைக்கும் கடைசிக் கிறிஸ்மஸ். அதே கடையில், இஞ்சினுக்கு மேல் தட்டில், மஞ்சள் முடியோடு ஒரு பொம்மை இருந்தது. படுக்க வைத்தால் கண் மூடும், தூக்கினால் திறக்கும். ஞாயிறுதோறும் கிளமென்ட் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் அந்தப் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வாங்காத பொம்மைக்கு டெய்சி என்று பெயரும் வைத்துவிட்டாள். தேவையை இனங்காணும் கட்டத்தில் எங்கள் குழு இதைக் கவனிக்கவில்லை.

கிளமென்ட் வெருட்டினான். நிலாம் தன் பெருநாள் இனிப்பில் மிச்சமிருந்ததையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தான். நான் வாதாடினேன், பொம்மை வெறுமனே கண்ணைத்தானே மூடும், ரயில் ஊரெல்லாம் சுற்றும் என்றேன். அவள் வெருட்டலைக் கேட்டாள், இனிப்பைச் சாப்பிட்டாள், என் வாதத்தை முடியும்வரை பொறுமையாக இருந்து கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "பாப்பம்." அந்தச் சொல்லை நான் பிற்காலத்தில் பணிப்பாளர்கள் பலர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன், ஒருவருக்கும் மரியாவின் முகம் இருக்கவில்லை.

கிறிஸ்மசுக்குச் சில நாட்கள் முன்னர் விக்டர் அங்கிள் எங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். வெள்ளவத்தையில் கடையே இல்லாததுபோல, கிறிஸ்மஸ் சாமான் வாங்குவதென்றால் அங்கேதான் போவார். பஸ்ஸில் கிளமென்ட் தங்கச்சியின் காதுக்குள் "இஞ்சின், இஞ்சின்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். புறக்கோட்டையில் இறங்கி நடந்தோம். நடைபாதை முழுக்கக் கடதாசி நட்சத்திரங்கள், கேக்குக்கு வெட்டிய முந்திரிகை வற்றலின் மணம், பேரம் பேசும் சத்தம். நிலாம் என் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தான் என்பது கடை வாசலில் அவன் கையை விட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதலாளி பொம்மையையும் இஞ்சினையும் பக்கத்துப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். இஞ்சின் பச்சை, சக்கரத்துக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு. விக்டர் அங்கிள் எங்களைத் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார்.

மரியா பொம்மையைப் படுக்க வைக்கச் சொன்னாள். முதலாளி படுக்க வைத்தார். கண் மூடியது. தூக்கச் சொன்னாள். திறந்தது. இன்னொருமுறை. கிளமென்ட் கண்ணை மூடி ஏதோ செபம் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது அவள் மேசையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"டெய்சிய எடுத்தா, நீங்க மூண்டு பேரும் என்னோட விளையாடுவீங்களா?"

வாய் திறக்க எங்களுக்கு அனுமதியில்லை. நிலாம் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. இல்லை என்று தலையை ஆட்டிவிட்டான்.

"அப்ப ரயில எடுத்தா?"

மூன்று தலைகள் மேலும் கீழும் ஆடின.

"ரயில் ஓடுற நேரம் மட்டுமில்ல. எப்பவும். நீ சின்னவள், போ எண்டு கதவச் சாத்தக்கூடாது. ராஜியக்கா, நீங்கதான் எப்பவும் சாத்துறது."

விக்டர் அங்கிள் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவள் அதை ஏற்றுக்கொள்ளாமல் நின்றாள். ஒருவர் தலையாட்டியதை வைத்து உடன்படிக்கை எழுத முடியாது என்று அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே நான் சட்டத்தை மீறி வாய் திறந்தேன்.

"சாத்த மாட்டன், மரியா."

அவள் பொம்மையின் சட்டை மடிப்பை ஒருமுறை நீவிவிட்டாள். "படு, டெய்சி" என்று சொல்லி, தானே அதைப் படுக்க வைத்தாள். கண் மூடியதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மற்றக் கையை இஞ்சின் மேல் வைத்தாள்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் ரயில் ஓடியது. அதை எப்படி எழுதுவதென்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை. சாவியை முறுக்கும் சத்தம், கையை எடுத்ததும் ஒரு கணம் தயக்கம், பிறகு பச்சை இஞ்சின் பெட்டியை இழுத்துக்கொண்டு எங்கள் பாதியிலிருந்து நிலாம் வீட்டுப் பாதிக்குள் தடையில்லாமல் போய், திரும்பவும் எங்கள் பாதிக்குள் வந்தது. பாபு கத்திக்கொண்டு சுற்றி ஓடினான். ரிஸ்வி பயந்து அழுது, பிறகு அழுகையை மறந்தான். என்ன சத்தமென்று பார்க்க வந்த நிலாமின் வாப்பா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தார். "வளைஞ்ச தகரத்துக்கு இதா காரணம்" என்றவர் மஃரிபுத் தொழுகைக்கு நேரமாகும்வரை எழும்பவில்லை.

சாவி மரியாவிடம். தொட்டவளுக்குத்தான் உரிமை, சட்டம் அப்படி. யார் முறுக்குவது, எத்தனை சுற்று, எந்த இடத்தில் நிலையம், எல்லாம் அவள் சொன்னபடி. அடுத்த கிழமைகளில் நாங்கள் ரயிலுக்குக் கொடுத்த நேரத்துக்குக் குறையாமல் சோறு கறி விளையாட்டுக்கும் கொடுத்தோம். நிலாம் குட்டித் தேங்காய்ச் சிரட்டையில் மண் சோறு பரிமாறினான். கிளமென்ட் தலையணைக்குச் சட்டை போட்டுத் தாலாட்டினான். முதலில் கடமைக்குத்தான் செய்தோம். எந்த நாளிலிருந்து அது கடமையாயில்லாமல் போனதென்று எனக்கு நினைவில்லை. கதவை மட்டும் நான் பிறகு சாத்தவேயில்லை.

ஒழுங்கை இன்று இல்லை. அதன் பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது. வீடுகள் இருந்த இடத்தில் மாடிமேல் மாடியாகத் தொடர்மனைகள். இடையில் வந்த வருடங்கள் ஆட்களை எங்கெங்கோ எடுத்துக்கொண்டு போயின. ஒரு பாதித் தண்டவாளம் பாபுவோடு கனடாவுக்குப் போய்விட்டது. மறு பாதி நிலாம் வீட்டார் தெகிவளைக்கு மாறியபோது எங்கோ தவறிவிட்டது. இஞ்சினைக் கிளமென்ட் மெல்பேர்னில் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறான். ஹெந்தளையில் இருக்கும் மரியா மட்டும் மாதத்துக்கு ஒருமுறையாவது என் வீட்டுக்கு வந்து, கேட்காமலே குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொள்கிறாள்.

போன மார்கழியில் அவளுடைய பேத்திக்குக் கிறிஸ்மஸ் பரிசு பார்க்க இருவரும் காலி வீதிக்குப் போனோம். பேத்திக்கு ஐந்து வயது. கல்கிசையில் ஒரு தொடர்மனையின் ஏழாம் மாடியில் வளர்கிறாள். அங்கே விளையாட்டுச் சாமானுக்கென்றே இருந்த ஒரு கடையைப் பார்த்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நாங்கள் வளர்ந்த காலத்தில் நாடு முழுக்க இருந்த விளையாட்டுச் சாமான் அந்த ஒரு மாடியில் இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் எந்த வயதுக்கு, என்ன அறிவு வளரும், எதை விழுங்கக்கூடாது என்றெல்லாம் அச்சடித்திருந்தது. நான் எல்லாவற்றையும் வாசித்தேன். அது என் வியாதி.

கடையில் நின்ற பிள்ளை மலையகத்துப் பக்கத்தவள், சிரித்த முகம். பேசும் நாய் ஒன்றை எடுத்துக் காட்டினாள். பாட்டுப் பாடும், கதை சொல்லும், பிள்ளை கேட்டதற்குப் பதிலும் சொல்லும். "கூட யாருமே இருக்கத் தேவல்ல ஆன்ட்டி. புள்ள தனியாவே வெளையாடிக்கும்" என்றாள். அதன் மிகப் பெரிய சிறப்பு அதுதான் என்று அவள் மனதாரச் சொன்னாள். அவளிடம் அப்படித்தான் எல்லாரும் கேட்டு வாங்குகிறார்களாம்.

மரியா நாயைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். "அப்ப எனக்கு வேண்டாம், மகள்" என்றாள்.

பிறகு அவள் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு போக, நான் பெட்டிகளைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டு பின்னால் போனேன். எல்லாம் முழுமையாக இருந்தன. மின்கலம்கூட உள்ளேயே இருந்தது. எந்தப் பெட்டிக்கும் பக்கத்து வீடு தேவைப்படவில்லை. கடைசி மூலையில், சுவரோடு சாய்த்து வைத்திருந்த ஒரு கரம் போர்ட்டின் முன் மரியா நின்றாள்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு விரல் வலிக்கும் என்று நான் சொன்னேன்.

"அவளுக்கு வலிச்சா நான் சுண்டுறன். எனக்கு வலிச்சா நீங்க சுண்டுங்கோ. வாங்கோ, கல்கிசைக்கு."

வீதியில் நிறுத்திய முச்சக்கரவண்டிக்காரர் பலகையைப் பார்த்துத் தலையை ஆட்டி, தனியாளாகக் கொண்டுபோக ஏலாது, ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் ஏற்றுவதாகச் சிங்களத்தில் சொன்னார். ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள். மறுபக்கம் என் கையில் இருந்தது.