வெறும் கிண்ணமும் சரசுவின் மாத்திரைகளும்

மருந்து கொடுப்பது சுலபம், கொடுத்த மருந்தை நோயாளியின் வாய் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கம்பவுண்டர் பிழைப்பு. மருந்துச் சன்னலுக்குப் பின்னால் நின்று தொண்டை வற்றிய சகோதரர்களே, எண்பதுகளில் ஏற்காடு கடைவீதி கிளினிக்கில் நான் பட்ட பாட்டைக் கேட்டால் உங்கள் மனசு கொஞ்சம் ஆறும். அதிலும் சரசு என்ற பிள்ளையின் மூச்சே என் தொண்டைத் தண்ணீரை நம்பித்தான் இருந்தது.

கட்சிக் கலர்

எங்களிடம் யாரும் மருந்தின் பெயரைக் கேட்டதில்லை, நிறத்தைத்தான் கேட்பார்கள். நெஞ்சுச் சளிக்குக் கருப்பும் சிவப்புமான கேப்சூல். எஸ்டேட் ரைட்டர் ஒருவருக்கு அதைக் கொடுத்து, தீரும் வரைக்கும் விடாமல் சாப்பிடச் சொன்னேன். மறுநாளே பொட்டலத்தோடு வந்து நின்றார். நெஞ்சு கொரகொரப்பது எனக்கே கேட்டது. ஆனாலும் மனிதர் கொள்கையை விடவில்லை: "ஏனுங்க, எதிர்க்கட்சிக் கொடிய நான் எப்படிங்க முழுங்கறது? வேற கலர்ல குடுங்க."

மிளகு டப்பா

சரசு, ஏரிக்கரையில் ஆரஞ்சு விற்கும் பாவாயியின் எட்டு வயது மகள். பிறவியிலேயே நுரையீரலில் சளி பசை மாதிரி கட்டிக்கொள்ளும் வியாதி அவளுக்கு. அதன் பெயர் எங்கள் டாக்டர் வாயிலேயே பாதிதான் நுழையும். வியர்வையில் உப்பு அதிகம் இருப்பதை வைத்துச் சேலத்துப் பெரிய டாக்டர் கண்டுபிடித்தார். முத்தம் கொடுத்தால் உப்புக் கரிப்பதைத் தான் எப்போதோ சொல்லிவிட்டதாகப் பாவாயி அவரிடமே பெருமை அடித்துக்கொண்டாள்.

அந்தச் சளியில் கிருமி குடியிருக்கும். இருமல் கூடும்போதெல்லாம் மருந்தை முழுசாகக் கொடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் செத்தது போக மிச்சக் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த முறை அதே மருந்து கேட்காது. இதை நான் பாவாயியிடம் பாட்டாகப் பாடாத குறைதான். அவளோ இருமல் தணிந்த அன்றைக்கே மிச்ச கேப்சூலை மிளகு டப்பாவில் பத்திரப்படுத்திவிடுவாள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கத்தினேன். நிதானமாகப் பதில் வந்தது: "நின்ன இருமலுக்கு எதுக்குங்க மாத்தர? நாளைக்கு வர்ற இருமலுக்கு வேணுமில்லீங்களா?"

பக்கத்து வீட்டுக் கிண்ணம்

சரி, டப்பாவில் போனதாவது சரசுவுக்குத்தானா என்று பார்க்கக் கிளியூரில் அவர்கள் வீட்டுக்கே போனேன். டப்பாவில் மிளகு மட்டும் இருந்தது. விசாரித்தால், பக்கத்து வீட்டம்மா ஒரு கிண்ணம் அவரைக்காய்க் குழம்பு கொடுத்திருக்கிறாள். எங்கள் பக்கம் கிண்ணத்தை வெறுமனே திருப்புகிற வழக்கம் கிடையாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அன்றைக்குச் சர்க்கரை இல்லை. கேப்சூல் இருந்தது!

அந்தம்மா பல்வலிக்கு ஒன்றை விழுங்கிவிட்டு, மிச்சத்தைத் தூங்கி விழுந்த கோழிக்குப் பிரித்துக் கொட்டியிருக்கிறாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். கோழி என் காலைச் சுற்றி ஆரோக்கியமாக மேய்ந்தது. பாவாயிக்கு என் கோபம்தான் புரியவில்லை: "வெறும் கிண்ணத்த எப்படிங்க குடுக்கறது? அவுங்க என்ன நெனைப்பாங்க?"

கடைசி ஊசி

அந்த மழைக்காலத்தில் சரசுவுக்கு மூச்சு முட்டியது. சேலத்தில் சளியைச் சோதித்தார்கள். பழைய மருந்து எதற்கும் கிருமி அசையவில்லை, ஒரே ஓர் ஊசி மருந்துதான் மிச்சம். இதற்கும் பழகிவிட்டால் தன்னிடம் வேறு மருந்து இல்லை என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி மருந்தைக் கிளினிக் அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பாவாயி காலையும் மாலையும் பிள்ளையைத் தூக்கி வந்தாள். முதலில் ஊசியைப் பார்த்து அழக்கூட சரசுவுக்கு மூச்சு இல்லை. அப்புறம் முனகினாள், அப்புறம் அழுதாள். பிறகு அவள் போட்ட கூச்சலுக்குப் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. என்னைத் திட்டும் கூச்சலைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அப்போதுதான்.

கடைசி ஊசிக்குச் சரசு நடந்தே வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தது பாவாயி! பிள்ளைக்குத்தான் நன்றாகிவிட்டதே, மிச்ச ஊசியைத் தன் இடுப்பு வலிக்குப் போட்டுவிடும்படி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், ஊசி என்றால் ஊரைக் கூட்டும் அந்தப் பிள்ளை அம்மாவை நெட்டித் தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்: "அது எம்பட ஊசி. யாரு கிண்ணத்துலயும் போட உட மாட்டேன்."

ஆக, நுரையீரல் கிருமியைக்கூட ஒரு வழியாக அடக்கிவிடலாம், பக்கத்து வீட்டுக் கிண்ணத்துக்குத்தான் இன்றுவரை யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.