வாய்க்காலில் போன கப்பல்கள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே எங்கள் அலுவலகம் இருந்தது. இரண்டே அறை. பிழைப்புக்காக வெளியிலிருந்து வந்தவர்கள், தலைமுறைகளாக இங்கேயே இருந்தும் வீட்டுக்குள் வேறு மொழி பேசுகிறவர்கள், இப்படிப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு சின்னச் சங்கம் வைத்துக்கொள்ள நினைத்தால் அவர்களுக்குத் துணை நிற்பது எங்கள் வேலை. விதிமுறை எழுதித் தருவோம். பதிவு அலுவலகத்துக்குக் கூடவே போவோம். தீர்மானப் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுப்போம். பகலெல்லாம் கீழே பல் ராவும் சத்தம் வண்டின் மெல்லிய ரீங்காரம்போல மேலே ஏறி வரும். அந்த வருடங்களை நினைத்தால் இன்றைக்கும் முதலில் அந்தச் சத்தம் வருகிறது. முகங்கள் அதற்குப் பிறகுதான்.

அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பங்குக் கோயிலில் பூசை முடிந்து நேரே அலுவலகத்துக்கு வந்தேன். மாடிப்படியில் ஒருவர் பின் ஒருவராக ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒடிசாக்காரர்கள். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் முட்டை எடுக்கிறவர்கள். மேல்படியில் இருந்தவருக்கு முப்பது வயதிருக்கும். அவர்தான் எழுந்து பேசினார்.

"ஏனுங்க அக்கா, சங்கம் வெக்கறதுக்கு எழுதிக் குடுக்கறது இங்கதானுங்களா?"

நான் சேலம் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். என் பேச்சில்கூட இத்தனை 'ங்க' கிடையாது. தமிழ் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"பண்ணையிலதானுங்க. கோழிக்கு ஒடியா தெரியாதுங்களே."

எல்லாரும் சிரித்தோம். உள்ளே அழைத்து உட்கார வைத்து, எப்போதும் எழுதுகிற வரிகளை எழுத ஆரம்பித்தேன். சங்கத்தின் நோக்கங்கள்: குழந்தைகளின் கல்வி, பெண்களின் உடல்நலம், சட்ட விழிப்புணர்வு. அவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, கப்பல் உடறதையும் எழுதிக்கோங்க."

"என்ன கப்பல்?"

அவர் சொன்னார். கார்த்திகைப் பௌர்ணமி அன்று விடியும் நேரத்தில் அவர்கள் ஊர்ப் பெண்கள் ஆற்றிலோ குளத்திலோ சின்னச் சின்னக் கப்பல் விடுவார்களாம். உள்ளே விளக்கு, வெற்றிலை, பாக்கு. எந்தக் காலத்திலோ ஆண்கள் வியாபாரத்துக்குக் கடல் தாண்டிப் போனார்களாம். கரையில் நின்று வழியனுப்பியவர்கள் பெண்கள். அதன் நினைவு.

"அது திருவிழாம்மா. விதிமுறையில அதெல்லாம் வராது. நீங்களா பண்ணிக்க வேண்டியதுதான்" என்றேன்.

அதை அவர் தன் மொழியில் மற்றவர்களுக்குச் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம், "செரிங்க்கா, வாரேங்க" என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்கள்.

கையெழுத்துப் போட வரச்சொன்ன நாளில் யாரும் வரவில்லை. போன் செய்தால், வேலையாக இருக்கிறது என்றார் தமிழ் பேசிய அந்தப் பெண். அடுத்த மாதமும் அதே பதில். தொடங்கும் முன்பே கலைந்துபோகிற கூட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இவர்கள் மனதைவிட்டுப் போகவில்லை. அறைக்குள் அன்று விழுந்த அந்த அமைதி அவ்வப்போது வந்து என் எதிரே உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் பஸ் ஏறிவிட்டேன்.

பண்ணைக் கொட்டகை ரயில்போல நீண்டிருந்தது. கம்பி வலை வழியாக வெயில் பொடிப்பொடியாக உள்ளே விழ, அதில் இறகுத்தூசி மிதந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே குரலில் எதையோ முணுமுணுத்தன. அதன் நடுவே அவர் முட்டைகளை எடுத்து அட்டையில் வைத்தபடி மெதுவாக நடந்து வந்தார். தூரத்திலிருந்து பார்க்க, தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது.

"கோவமா?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்லீங்க்கா." கை நிற்கவில்லை. "படிப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் நல்லதுதானுங்க. அதுக்கு டீச்சர் இருக்கறாங்க, பண்ணைக்காரரு இருக்கறாரு, நீங்க இருக்கறீங்க. கப்பல் உடறதுக்கு ஆருங்க்கா இருக்கறாங்க?"

நிறைந்த அட்டையை இறக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"போன வருசம் பிளாஸ்டிக் வாளியில தண்ணி புடிச்சு உட்டோம். அது சுத்திச் சுத்தி அங்கயே நின்னுது. போகவே இல்ல. அதப் பாத்து எங்கூட இருக்கற புள்ளைங்க எல்லாம் அழுதுச்சுங்க. அன்னிக்குத்தானுங்க, சங்கம்னு ஒண்ணு வேணும்னு நெனச்சோம்."

அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே இத்தனை வருடம் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்! அங்கேயே, கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளிமேல் உட்கார்ந்து, பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் நோக்கம்: கார்த்திகைப் பௌர்ணமியில் கப்பல் விடுதல்.

பதிவு அலுவலகத்தில் எழுத்தர் அந்த வரியில் நின்று நிமிர்ந்து பார்த்தார். "இது என்னம்மா, கப்பல்?"

"சின்னதுங்க சார்" என்று, சங்கத் தலைவியாகக் கையெழுத்துப் போட வந்திருந்த அந்தப் பெண் கையை முழ அளவுக்கு விரித்துக் காட்டினார். எழுத்தர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். சங்கம் பதிவாகிவிட்டது.

அடுத்தது தண்ணீர். நானும் தலைவியும் ஜேடர்பாளையம் அணைக்குப் போய் அனுமதி கேட்டோம். அங்கிருந்தவர் மரியாதையாகவே மறுத்தார். ஆற்றில் தண்ணீர் அதிகம், விடிந்தும் விடியாத நேரத்தில் இறங்கினால் ஆபத்து என்றார். அவர் சொன்னது நியாயம்தான். வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். தலைவி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வெள்ளை வேட்டிப் பெரியவர், "என்ன சாமி, மொகம் வாடிப்போயிருக்குது?" என்று மகளைக் கேட்பதுபோல அவரிடம் கேட்டார். அந்தப் பக்கத்து விவசாயி. தலைவி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"ஆத்துல எறங்க வேண்டாஞ்சாமி. நம்ம தோட்டத்தோரம் வாய்க்கால் போவுது. இடுப்பளவுதான் தண்ணி, படியும் கட்டியிருக்குது. அங்க வந்து உடுங்க. வாழப்பட்டை வேணும்னாலும் வெட்டிக்கோங்க."

பௌர்ணமிக்கு முந்தின சாயங்காலமே நான் பண்ணைக்குப் போய் அவர்களுடைய அறையில் தங்கினேன். விடியும் முன்பே எழுப்பிவிட்டார்கள். சின்ன வேன் ஒன்றில் நெருக்கி உட்கார்ந்து போனோம். மடியில் கப்பல்கள். வாழைப்பட்டையில் செய்தவை பாதி, முட்டை அட்டையை வெட்டிச் செய்தவை பாதி. முட்டை உட்காரும் குழிகளில் பாக்கும் பூவும் உட்கார்ந்திருந்தன.

வாய்க்கால்மேல் பனி இறங்கியிருந்தது. எதிர்க்கரை இல்லாததுபோல இருந்தது. வாழைத்தோப்புக்கு மேலே நிலா வெளிறிப்போய், அஸ்தமிக்க மனமில்லாமல் நின்றது. பெரியவரின் மனைவி ஒரு தட்டு நிறைய அகல் விளக்குகளோடு தோட்டத்திலிருந்து வந்தார்.

"நேத்து கார்த்திகைக்கு ஏத்துனதுங்க. எண்ணெ இன்னும் கெடக்குது. வெச்சுக்கோங்க."

பெண்கள் படியிறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக விட்டார்கள். தாழ்ந்த குரலில் ஒரு பாட்டு தொடங்கியது. ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஆனாலும் எங்கோ கேட்டதுபோல இருந்தது. கப்பல்கள் முதலில் தயங்கின. பிறகு ஒன்று நகர்ந்தது, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் எல்லாமே. வெளிச்சப் புள்ளிகள் பனிக்குள் நுழைந்து, மங்கி, மங்கலாகவே போய்க்கொண்டிருந்தன. என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார்கள். யாரை வழியனுப்புகிறேன் என்று தெரியாமலே விட்டேன். குளிர்ந்த தண்ணீர் மணிக்கட்டைச் சுற்றிப் போனது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

தலைவி பெரியவரிடம் கேட்டார்: "இது கடலுக்குப் போவுங்களா?"

"கடலுக்கா? இல்லீங்க சாமி. நம்ம வாழைக்கும் கரும்புக்கும் போவும். அதோட செரி."

தலைவி அதை மற்றவர்களுக்குச் சொன்னார். ஒரு நிமிடம் எல்லாரும் தண்ணீரையே பார்த்தார்கள். பிறகு அவர்களில் மூத்த பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னவோ சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"கப்பல்ல போற ஆம்பளைங்க வாழப்பழம் தின்னுக்கிட்டு இங்கயே இருக்கட்டுமாங்க."

பெரியவரின் மனைவிக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

சங்கம் நிலைத்துவிட்டது. அடுத்த வருடம் வேறு இரண்டு பண்ணைகளிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, ஆஸ்பத்திரிக்குப் பேச்சுத்துணையாகப் போவது எல்லாம் அவர்களாகவே தொடங்கினார்கள். தலைவி, மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் மூன்றாம் வருடம் ஊருக்குத் திரும்பிப் போனார். போகும்முன் புதுத் தலைவியைத் தேர்ந்தெடுத்து, தீர்மானம் எழுதி, எனக்கும் போனில் வாசித்துக் காட்டினார். எழுத்துப் பிழைகூட இல்லை.

நான் வேலையை விட்டாயிற்று. கார்த்திகைக்கு மட்டும் போய்விடுவேன். கப்பல் செய்யும் பெண்களுக்கு நடுவே இப்போது பெரியவரின் மனைவியும் உட்கார்ந்திருக்கிறார். வாழைப்பட்டையை முறியாமல் மடக்க அவருக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் வரவில்லை. முறித்துவிட்டு நான் முழிப்பதைப் பார்த்தால், "இங்க குடுங்க சாமி" என்று வாங்கிக்கொள்வார்.