விட்டமா, ஒரு பக்கமா?

செய்தி வந்தபோது மணி மதியம் மூன்றேகால். லேத் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் பெயர் கைப்பேசியில் மின்னுவதைப் பார்த்தும், கடைந்த இரும்புத் துண்டு அறுந்து தட்டில் விழும்வரை அவன் எடுக்கவில்லை.

"அத்தான் போயிட்டார்டா," என்றாள். "கம்பெனியிலயே. நாற்காலியில சாஞ்ச மேனிக்கு இருந்திருக்கார். அசந்து தூங்கறார்னு நெனச்சு யாரும் எழுப்பலையாம்."

அவனுக்கு முதலில் அழுகை வரவில்லை. இனிமேல் அந்த வாய் திறக்கவே திறக்காது என்ற ஆத்திரம்தான் வந்தது.

அக்கா புருஷனுக்குத் தொழிற்சாலையில் போஸ்ட்மாஸ்டர் என்று பெயர். ஒரு தண்டை எப்படிக் கடைய வேண்டும் என்று கணினியில் 'கேம்' (CAM) என்ற மென்பொருள் பாதை போட்டுத் தரும். அந்தப் பாதை லேத்துக்கு அப்படியே புரியாது. அதற்குப் புரிவது ஜி-கோட் வரிகள் மட்டும். அதிலும் ஒவ்வொரு லேத்துக்கும் ஒவ்வொரு பேச்சு. நடுவில் நின்று ஒன்றை இன்னொன்றாக மாற்றித் தருவதுதான் போஸ்ட் ப்ராசஸர். கைமாறிக் கைமாறி எந்தப் பழைய லேத் வந்து இறங்கினாலும், அதன் முரண்டையெல்லாம் படித்து, அதற்கேற்றபடி போஸ்டைத் திருத்துவது அத்தானின் வேலை.

வீட்டிலும் அதே குணம்தான். "உப்பு கொஞ்சம் கம்மி" என்று அக்கா சொன்னால் "கொஞ்சம்னா எவ்ளோ?" என்பார். இறுக்கிப் பிடித்த கழிவறைக் கதவை வெர்னியர் வைத்து அளந்துவிட்டுத்தான் தச்சனையே கூப்பிட்டார்.

அவனும் அவரும் ஒரே தொழிற்சாலையில் இருந்த நாட்களில் கேலிக்குக் குறைவே இல்லை. "மாப்ள, நீ லேத்தைத் தொடச்சு வை. அதுகிட்ட என்ன பேசணுமோ நான் பேசிக்கறேன்," என்பார்.

"நீங்க பேசறது அக்காவுக்கே புரியல அத்தான். அது பாவம், இரும்பு."

எல்லாம் அந்தப் பம்புத் தண்டு வரும்வரைதான். ஆள் உயரத் தண்டு. வார்த்து, அடித்து, ஒன்றே ஒன்றாக வந்தது. மாற்றுக்கு இன்னொன்று கிடையாது. கடைசிக்கு முந்தைய ஓட்டம் முடிந்து மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தான். அப்போது இருக்க வேண்டியதைவிடத் தடிமன் கூடுதலாக இருந்தது. உள் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அத்தான், ஒரு மில்லி கூடுது. லேத்துலயே ஆஃப்செட் அளவை மாத்தி எடுத்துடவா?"

"தொடாத. இன்னைக்கு நீ அங்க மறைச்சா, நாளைக்கு அடுத்த வேலையில வந்து பல்லிளிக்கும். போஸ்ட்லயே சரி பண்ணி அனுப்பறேன்."

மைக்ரோமீட்டர் இரண்டு பக்கமும் சேர்த்துக் கவ்வும். அதனால் லேத்துக்காரன் வாயில் மில்லி என்றால் விட்டம். அத்தானின் திரையிலோ நடுக்கோட்டுக்கு மேலே தண்டின் பாதி மட்டும்தான் தெரியும். அவர் கண்ணுக்கு மில்லி என்றால் ஒரு பக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லி என்று அவர் திருத்தி அனுப்ப, லேத் சொன்னதைச் செய்தது. விட்டத்தில் இரண்டு மில்லியைச் சீவி எடுத்துவிட்டது. ஒரு மில்லி கூடுதலாக இருந்த தண்டு ஒரு மில்லி இளைத்துப் போனது. பழைய இரும்புக் குவியலுக்குத்தான் ஆகும்.

உப்புக்கு அளவு கேட்ட மனுஷன் அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

முதலாளி அறையில் இருவரையும் நிற்க வைத்தார். "யாருப்பா அளவு சொன்னது?"

அத்தான் தரையைப் பார்த்தபடி, "அவன்தான் சார் சொன்னான்," என்றார்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் அவனை அறுத்தது. பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். அன்றைக்கே அவனை வெளியே அனுப்பினார்கள்; அத்தான் தன் இருக்கைக்குத் திரும்பினார்.

பின் தெருவில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தான். அங்கே போஸ்ட் எழுத யாரும் இல்லாததால் தட்டுத்தடுமாறி அவனே கற்றுக்கொண்டான். அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. அவள்தான் வந்து வந்து போவாள்.

"அவருக்கு வாய் வரலடா. உள்ளுக்குள்ள நெறைய இருக்கு."

"உள்ளுக்குள்ள இருக்கறதைப் பாக்கறதுக்கு நான் என்ன ஸ்கேன் எடுக்கறவனா? 'நான்தான் கேட்டிருக்கணும் மாப்ள'ன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான். அதைச் சொல்லட்டும், வரேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தான். பாடைக்குத் தோள் கொடுத்துத் தூக்கிப் போனபோதும் அது வரவில்லை என்பதே தோளில் கனத்தது.

காரியங்கள் முடிந்தபின் அக்கா கேட்டாள்: "அவர் கண்ணாடி, சாப்பாட்டுப் பையெல்லாம் அங்கயே கெடக்கு. அந்த வாசல்ல என்னால நிக்க முடியாது. நீ போய் எடுத்துட்டு வாடா."

போனான். அவன் நின்ற லேத்தில் இப்போது ஒரு பெண் நின்றிருந்தாள். அவன் இன்னார் என்று அவளுக்குத் தெரியாது. போஸ்ட்மாஸ்டர் வீட்டிலிருந்து வருகிறேன் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஐயோ, அவரா! தங்கமான மனுஷன். ஒரே தொல்லை என்னன்னா, மில்லின்னு வாயெடுத்தா போதும், 'விட்டமா, ஒரு பக்கமா?'ன்னு நிப்பாரு. வாட்ச்மேனைக்கூட விட்டதில்ல. அந்தாளு மழை பத்து மில்லின்னு சொன்னதுக்கு அதே கேள்வி!" சிரித்துவிட்டு, சாவு வீட்டுக்காரன் எதிரில் சிரித்தோமே என்று அடக்கிக்கொண்டாள். "நான் சேந்த அன்னைக்கே சொன்னாரு. 'ஒரு தடவை கேக்காம விட்டேம்மா, ஒருத்தன் பொழப்பே போச்சு'ன்னு. யாரோ மாப்ளயாம்."

"எல்லார்கிட்டயும் சொல்லுவாரா?"

"புதுசா யார் வந்தாலும் சொல்லிடுவாருங்க."

அப்படியானால் தெரிந்திருக்கிறது. முழுதாகத் தெரிந்திருக்கிறது. நேற்று வந்த ஆளிடம் வாய் வந்திருக்கிறது. பின் தெருவரை நடந்து வரத்தான் கால் வரவில்லை. மனசு ஆறும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவன் அடித்திருப்பான்.

பையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது முதலாளி வழி மறித்தார். "புது லேத் வந்து சும்மா நிக்குதுப்பா. அதுக்குப் போஸ்டை அவர் முக்கால்வாசி முடிச்சுட்டார். திருகு வெட்டறது மட்டும் பாக்கி. நீயும் இப்ப எழுதறியாமே? பழசெல்லாம் மறந்துட்டு வந்துடேன்."

"எனக்குத் தெரியாது சார்."

அவனுக்குத் தெரியும். உட்கார்ந்தால் அரை நாளில் முடிந்துவிடும்.

வீட்டில் அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டாள். "அங்க யாராவது ஏதாவது சொன்னாங்களாடா?"

"நல்ல மனுஷன்னாங்க."

"உன்னைப் பத்தி அவர் ஏதாவது..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

அவள் கண்ணாடியைப் புடவை நுனியால் துடைக்க ஆரம்பித்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

புது லேத் இப்போது தண்டு கடைகிறது, துளை போடுகிறது. திருகு மட்டும் வெட்டுவதில்லை. போஸ்டில் அந்தப் பகுதிக்கு இன்னும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.