சிவப்பாய்த் தெரிந்த மேற்குச் சரிவு

நெல்லிக்கொல்லையில் முதுகலை வரை படித்த முதல் பெண் என்று யாராவது அறிமுகப்படுத்தினால் கல்பனாவுக்குப் பிடிக்காது. "மொதல் ஆளு கதய வுடுங்க, ரெண்டாவது ஆளு எப்ப வரும்னு கேளுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிடுவாள். அப்படி ஒரு வாய். அந்த வாயோடுதான் ஜவ்வாது மலையை விட்டு இறங்கிப் புவியியல் படித்தாள். அதே வாயோடுதான் திருப்பத்தூரில் ஓர் ஆய்வு மையத்தில் வேலைக்கும் சேர்ந்தாள். செயற்கைக்கோள் எடுத்து அனுப்பும் படங்களை வைத்துக்கொண்டு, மலையில் பசுமை எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது, அதற்கு மழை காரணமா மனிதர் காரணமா என்று கணக்கிடுவது அவள் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு இதை ஒரு வேலையாகவே ஏற்க மனம் வரவில்லை. மலையில் பிறந்தவள் மலையைப் பார்க்க எதற்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள் என்று கேட்டார்கள். கேள்வியில் தப்பில்லை.

சேர்ந்த புதிதிலேயே அவளுக்கு நல்ல பெயர் வந்தது. இருபது வருடப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, மலையின் பல சரிவுகளில் பசுமை கூடிக்கொண்டே வருகிறது, மாறிவரும் மழைதான் காரணம் என்று எழுதினாள். மேகம் மறைக்காத பங்குனி மாதத்துப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டதால் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. தலைமை ஆய்வாளர் சிவசங்கரி அதைப் பெரிய கூட்டங்களில் எல்லாம் எடுத்துப் பேசினார். மையத்தின் நுழைவாயிலில் அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டி, கீழே கல்பனாவின் பெயரையும் போட்டார்கள். அவள் அதைக் கவனிக்காதவள் போலத்தான் கடந்துபோவாள். ஆனால் பின்பக்க வழி கிட்டத்தில் இருந்தும் தினமும் முன்பக்கமாகவே வருவாள்.

இந்த வருடப் பங்குனிப் படங்கள் வந்தபோது, வழக்கம்போலப் பழைய படங்களோடு ஒப்பிட்டு நிறம் கொடுத்தாள். பசுமை கூடிய இடம் பச்சை, குறைந்த இடம் சிவப்பு. திரையில் வந்ததை நம்பாமல் மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். நெல்லிக்கொல்லையின் மேற்குச் சரிவு அடியிலிருந்து உச்சி வரை சிவப்பாகக் கிடந்தது. யார் பார்த்தாலும் காட்டை மொட்டையடித்துவிட்டார்கள் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சரிவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், உரிமையைக் கொடுங்கள் என்று ஊரே சேர்ந்து மனு போட்டிருந்தது. அடுத்த வாரம் திருப்பத்தூரில் அதற்கான கூட்டம். அங்கே அதிகாரிகள் முன்னால் வைக்கப்போவது கல்பனா போட்ட இந்த வரைபடத்தைத்தான். காட்டை அழித்தவர்களிடமே காட்டை ஒப்படைக்க எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

உடனே அம்மா மங்கம்மாளுக்குப் போன் போட்டாள்.

"யம்மா, மேக்கால சரிவுல இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணோம்? ரெண்டு வருசமா உண்ணிப்பொதர எடுத்துனு கீறோம். வூட்டுக்கு ஒரு ஆளு. வராத வூடு, வந்தவங்களுக்கெல்லாம் சாமக்கஞ்சி ஊத்தணும்னு பேச்சு. வெட்டுனா திரும்ப மொளைக்குதுன்னு வேரோட பேத்து, தலகீழா குமிச்சுட்டோம். பொங்கலுக்கு வந்தப்போ சொன்னேனேடி. நீ எங்க காதுல வாங்குன, செல்லயே நோண்டினு இருந்த."

கல்பனாவுக்குச் சுருக்கென்றது. உண்ணிச்செடி அந்நிய நாட்டுப் புதர். அது படர்ந்த இடத்தில் புல் முளைக்காது, அதில் மாடும் வாய் வைக்காது. பங்குனியில் மலையின் மரங்கள் எல்லாம் இலை உதிர்த்துவிட்டு நிற்கும்போதும் அது மட்டும் பச்சையாக நிற்கும். வானத்திலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு மரத்தின் பச்சையும் புதரின் பச்சையும் ஒன்றுதான். புதரை எடுத்ததும் சரிவு சிவப்பாகிவிட்டது. சரி, அப்படியென்றால் இருபது வருடமாகக் கூடிக்கொண்டே வந்த பச்சை எது? நுழைவாயிலில் சட்டத்துக்குள் தொங்குகிறதே, அதில் பாதியாவது மழை கொடுத்ததல்ல, உண்ணிச்செடி கொடுத்தது. ஊர் பிழைக்க வேண்டுமென்றால், தனக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த வரைபடத்தைத் தானே தப்பென்று சொல்ல வேண்டும்.

வலித்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் எழுந்து சிவசங்கரியின் அறைக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ஆலங்காயத்துக்காரரான சிவசங்கரி எதையும் மூடி மறைக்கத் தெரியாதவர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அத நானும்தானேம்மா போற எடமெல்லாம் பேசினு வந்தேன். பரவால்ல, தப்புன்னா தப்புதான். ஆனா ஒன்னு கல்பனா, எங்க ஊரு எனக்குத் தெரியும்னு பேசுனா எடுபடாது. படத்துலயே காட்டு."

படத்தில் எப்படிக் காட்டுவது? யாரும் வெட்டாத, புதரும் ஏறாத காடு ஒன்று ஒப்பிடுவதற்கு வேண்டும். அப்போதுதான் ஊரின் கோயில் காடு அவள் நினைவுக்கு வந்தது. அங்கே விறகுக்கு ஒரு சுள்ளியைக்கூட யாரும் எடுக்கமாட்டார்கள். திருவிழாவுக்கு முன்னால் ஊரே உள்ளே போய், புதிதாகத் தலைகாட்டும் செடியைக் கையால் பிடுங்கிவிட்டு வரும். பங்குனிப் படங்களை மட்டும் நம்பி ஏமாந்தது போதும் என்று, வருடம் முழுவதும் மேகத்துக்கு நடுவே கிடைத்த படங்களை எல்லாம் பொறுக்கிச் சேர்த்தாள். கோயில் காடு பங்குனியில் காய்ந்து, ஐப்பசியில் பச்சையின் உச்சிக்குப் போனது. மேற்குச் சரிவு பல வருடங்களாக எந்த மாதமும் ஒரே பச்சையாக நின்றிருந்தது. புதரை எடுத்த பிறகு அதுவும் ஐப்பசியில் புல்லும் மரக்கன்றுகளுமாக எழும்பி, பங்குனியில் காய்ந்தது. திரையில் இரண்டின் பசுமையையும் காட்டிய கோடுகள் சேர்ந்தே இறங்கிச் சேர்ந்தே ஏறுவதைப் பார்த்து, கல்பனா தனியாக உட்கார்ந்து கைதட்டினாள்.

கூட்டத்துக்கு மங்கம்மாளும் ஊர்ப் பெண்கள் சிலரும் பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கல்பனா எழுந்ததும் முதலில் பழைய வரைபடத்தைத்தான் போட்டாள்.

"இதுல ஒரு தப்பு இருக்குங்க. பண்ணது நான்தான்."

பச்சை ஏன் பொய் சொன்னது, சிவப்பு ஏன் பொய் சொல்கிறது என்று இரண்டு கோடுகளையும் காட்டி விளக்கினாள். அம்மாவிடம் சொல்லி ஊரிலிருந்து வரவழைத்த, தலைகீழாகக் குவித்த புதர்களின் புகைப்படங்களை, எடுத்த இடத்தோடு சேர்த்துக் காட்டினாள். தலைமை அதிகாரி குறுக்கே குறுக்கே கேட்டார், நன்றாகவே கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"நீங்க எந்த ஊரும்மா?"

"நெல்லிக்கொல்லைங்க."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா படத்தப் பாத்திருக்க மாட்டீங்க சார். என்னைத்தான் பாத்துனு இருந்திருப்பீங்க."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். மனுவைக் கையில் எடுத்து, உரிமை கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் சிவசங்கரி கண்ணைத் துடைத்ததைக் கல்பனா பார்த்தாள். நுழைவாயிலில் சட்டத்துக்குள் தன் பெயரைப் பார்த்த நாளில்கூட இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் பெண்கள் கிளம்பவில்லை, திரைக்கு முன்னால் கூடிக்கொண்டார்கள். மங்கம்மாள் கிட்டப் போய் மேற்குச் சரிவின்மேல் விரலை வைத்தார்.

"இது நாங்க எடுத்த எடமாடி?"

"ஆமாம்மா."

"நாங்க பண்ண வேல வானத்துல இருந்து தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

மங்கம்மாள் அதே விரலை மெல்லக் கீழே நகர்த்தி, இன்னும் புதர் மண்டிக் கிடந்த அடுத்த சரிவின்மேல் வைத்துப் பெண்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இந்த வருசம் இத ஆரம்பிச்சுடலாம்."