சுலோசனாவின் சிந்தாத வாளி

மேனாம்பேட்டில் சுலோசனாவுக்கு வாய் நீளம் என்று பெயர். அந்தப் பெயரை யாரும் அவளுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை, ஐம்பத்து மூன்று வருஷம் பேசிப் பேசிச் சம்பாதித்தது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மதிலோரம் நின்று அவள் விட்ட வார்த்தை, அவள் வாய்க்கே கொஞ்சம் அதிகம்தான்.

"பதினஞ்சே நாளு சார். அப்பால நீங்களே வந்து பாருங்க. என் கோழிங்க துன்ற தீனி ஒரே ஒரு மணி தரையில கெடந்துச்சுன்னா, அம்மாம் கோழியையும் நானே புடிச்சுக் குடுத்துடறேன். கெடக்கலன்னா, அதுக்கப்பறம் எவனும் அதுங்களப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது."

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றவர் சண்முகசுந்தரம். பக்கத்து நாலு மாடிக் குடியிருப்புக்குச் செயலாளர். கரூர்க்காரர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டை கசங்காத மனிதர். குடியிருப்பில் எலித் தொல்லை. கீழே நிறுத்தியிருந்த மூன்று கார்களின் ஒயரைக் கடித்துத் துப்பியிருந்தன. மாடிக்காரர்கள் கூடிப் பேசி, பக்கத்து வீட்டுக் கோழித் தீனிதான் எலியைக் கூப்பிடுகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். மாநகராட்சிக்கு மனு எழுதிக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று இவர் வந்திருந்தார்.

"சரிங்கம்மா. பதினஞ்சு நாள் மனுவை நான் வச்சிருக்கிறேன். ஆனா நீங்க சொன்னது சொன்னதுதான்" என்றார்.

"என் பேச்சுல மாத்தமே கெடையாது, போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

மகன் கிருபாகரன் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னாமா நீ? கோழி சிந்தாம துன்னுமா? கோழிம்மா அது!"

"துன்ன வெக்கிறேன்டா."

பதினோரு பெட்டை, ஒரு சேவல். அவ்வளவுதான் அவள் சொத்து என்று நினைத்தால் தப்பு. வீடு அவள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் புருஷன் மனோகரன் போனபிறகு ஒன்பது வருஷமாக அவள் வாழ்க்கையை ஆளாளுக்குத் தீர்மானித்தார்கள். வீட்டை விற்றுவிடு என்று காட்டுப்பாக்கத்திலிருந்து அண்ணன்காரன் வந்து நின்றான். சட்டைக் காலரில் ஒரு தையல் விட்டிருந்தாலும் எட்டி நின்றே கண்டுபிடிக்கிறவளை, பார்வை போய்விட்டது என்று அவள் வேலை பார்த்த துணிக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. டி.வி. பார்த்துக்கொண்டு நிம்மதியாக இரு என்று மகன் சொன்னான். நிம்மதியாம் நிம்மதி! மறுநாளே ஆவடிக்குப் போய் அட்டைப்பெட்டியில் நாலு குஞ்சு வாங்கிக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் யாரையும் கேட்காமல் அவள் செய்த காரியம் அது ஒன்றுதான். அதைத்தான் இப்போது பிடித்துக் கொடுக்கிறேன் என்று வாயை விட்டிருக்கிறாள்.

எலிக்கு விருந்து வைத்ததில் தன் பங்கும் இருக்கிறது என்பதை அவள் மறுக்கவில்லை. தினமும் தாம்பாளத்தில் தீனி வைப்பாள். கோழி என்ன பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஜாதியா? ஏறி நின்று காலால் கிளறும். பாதி வயிற்றுக்கு, மீதி மண்ணுக்கு.

முதல் நாள் முழுக்க முக்காலி போட்டு உட்கார்ந்து கோழிகளையே பார்த்தாள். கால் மட்டும் குற்றவாளி இல்லை என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. கோழி அலகை உள்ளே விட்டு, பிடித்த மக்காச்சோளத்தைத் தேடிக்கொண்டு, பிடிக்காததை வலமும் இடமும் வீசி எறிகிறது. தலையை ஆட்ட இடம் இருக்கிற வரைக்கும் அது வீசும். ஆக, தலையை ஆட்ட முடியாத இடத்தில் தீனி இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்ததும், "கண்ணு போச்சுன்னு சொன்னீங்களேடா, பாவிங்களா" என்று அங்கே இல்லாத கம்பெனிக்காரர்களைத் திட்டினாள்.

வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய பெரிய பெயிண்டு வாளி ஒன்று மூடியோடு இருந்தது. ஞானசேகரன் ஹார்டுவேர் கடைக்குப் போய் வளைந்த பைப்பு மூன்று கேட்டாள்.

"இன்னாக்கா, பாத்ரூம் கட்டறியா?"

"இல்ல நைனா. கோழிக்கு ஓட்டல் கட்டறேன்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "மூணு எல்போ எடு. ஒரு கோழித் தல போற சைசு."

வாளியின் பக்கத்தில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பழைய கத்தியைப் பழுக்கக் காய்ச்சி மூன்று ஓட்டை போட்டாள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு எல்போ. ஒரு வாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு வாய் உள்ளே தீனியைப் பார்த்துக் குனிந்திருக்கும். கோழி கழுத்து வரைக்கும் தலையை விட்டுத்தான் தின்ன வேண்டும். வீசினால் வீசினது பைப்புக்குள்ளேயே விழும். மேலே மூடி. பொழுது சாய்ந்ததும் மூன்று வாயையும் அடைத்துவிட்டால் எலிக்கு நாமம்தான்.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் கெடுத்தவளும் அவளே. கோழிக்குத் தவிடும் நொய்யும் போட்டு வடிகஞ்சி ஊற்றிக் கையால் பிசைந்து வைத்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். அதே பிசைந்த தீனியை வாளிக்குள் கொட்டினாள். மறுநாள் அது களியாக இறுகி எல்போவுக்குள் வராமல் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் புளித்து, தெருவே மூக்கைப் பொத்தியது. இருந்த எலி போதாதென்று ஈயும் வந்து சேர்ந்தது.

"உட்டுடும்மா. அவருகிட்ட நானு பேசிக்கிறேன்" என்றான் கிருபாகரன்.

"நீ பேசாத. நீ பேசிப் பேசித்தான் நானு டி.வி. முன்னாடி குந்திக்கினு இருந்தேன்."

வாளியைக் கழுவினாள். உடைத்த மக்காச்சோளம், கம்பு, நொய், எல்லாம் உலர்ந்ததாகக் கலந்து கொட்டினாள். பிசைகிற வேலை இல்லாமல் கை சும்மா இருந்தது அவளுக்கு என்னவோ போலிருந்தது, வருத்தமாகக்கூட இருந்தது. இப்போது கோழிகளின் முறை. ஓட்டைக்குள் தலையை விடமாட்டோம் என்று பன்னிரண்டும் ஒரே பிடிவாதம். ஒரு நாள் பட்டினி கிடந்து அவளையே முறைத்துக்கொண்டிருந்தன. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது கோழிக்கும் பொருந்தும். இரண்டாம் நாள் காலையில் சேவல் முதலில் தலையை விட்டது. அப்புறம் பார்க்க வேண்டுமே, அடிதடி!

பத்தாம் நாள், கோழிகளை அடைத்திருந்த கம்பி வலைக்குள் தரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு மணி இல்லை. ஆனால் எலி மட்டும் நின்றபாடில்லை. வலைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு முழச் சந்து உண்டு, கோழி அங்கே போக முடியாது. அங்கேதான் புழுக்கை கிடந்தது. "கஸ்மாலம், இன்னும் எத்துக்கு வருது?" என்று சாயங்காலம் சந்து நெடுகக் கல்மாவுக் கோலப்பொடியைத் தூவி வைத்தாள். காலையில் பார்த்தால் எலிக்கால் தடம் வாளிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் மதிலடியில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி இருந்தது. அங்கே கொஞ்சம் சோறு சிதறியிருந்தது. பருப்பு ஊற்றி நெய் விட்ட சோறு.

ஒன்பது மணிக்கு அதன் காரணமும் தெரிந்தது. சண்முகசுந்தரம் குளித்துத் திருநீறு பூசி வந்து, மதில் மேல் ஒரு இலைத்துண்டை வைத்து, "கா... கா..." என்றார். காக்கை வந்தது. கொத்தியது. பாதியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டுப் பறந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மதிலுக்கு இந்தப் பக்கம் என்ன விழுகிறது என்று ஒரு நாளும் அவர் எட்டிப் பார்த்ததில்லை.

சுலோசனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போதே கூப்பிட்டுக் கிழித்திருப்பாள். வாயைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கையில் வாயைக் கடித்துக்கொண்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பதினைந்தாம் நாள் காலையில் கிருபாகரன் துடைப்பத்தோடு சந்துக்குப் போனான். "எங்கடா போற?"

"சோத்தப் பெருக்கிடறேன்மா. அந்தாளு அத்தப் பாத்துட்டு, தோ கெடக்குதே தீனின்னு சொன்னா இன்னா பண்ணுவ? அம்மாம் கோழியும் போயிடும்."

"போனா போவட்டும். வெச்சுட்டு வா. அத்த நானு பெருக்க மாட்டேன், நீயும் பெருக்கக் கூடாது."

சண்முகசுந்தரம் சொன்ன நேரத்துக்கு வந்தார். மாடிகளில் ஏழெட்டுத் தலை எட்டிப் பார்த்தது. வலைக்குள் குனிந்து, வாளியைச் சுற்றி, கோழி படுக்கிற பலகைக்கு அடியில், எல்லா இடமும் பார்த்தார். எல்போவுக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்த ஒரு பெட்டையைப் பார்த்து அவரை அறியாமல், "அட!" என்றார். அப்புறம் சந்துக்குள் நுழைந்தார். நின்றார்.

"இங்கே கிடக்குதுங்களே."

கிருபாகரன் கண்ணை மூடிக்கொண்டான். சுலோசனாவின் குரல் ஆடவில்லை.

"நல்லா குனிஞ்சு பாருங்க சார். என் கோழிக்குப் பச்ச நொய்யிதான். பருப்பு ஊத்தி, நெய் உட்டு, நானு எந்தக் கோழிக்கும் ஆக்கிப் போடல. எலித் தடத்தையும் பாருங்க, கோலப்பொடியில அப்பிடியே கீது. எங்க வந்து எங்க போவுதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் குனிந்தார். தடத்தைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், நிமிர்ந்து மதில் மேல் இருந்த இலைத்துண்டைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"எங்க அப்பா போனதிலிருந்து தினம் நான்தானுங்க வைக்கிறேன்" என்றார் மெதுவாக.

"வெய்யுங்க. பெத்தவருக்கு வெக்காம இருப்பாங்களா? வேணாம்னு சொல்ல நானு யாரு? ஒரு தட்டுல வெய்யுங்க, காக்கா துன்னுட்டுப் போனதும் எடுத்துடுங்க. ஆனா ஒங்க சோத்துக்கு என் கோழி மேல மனு எழுதினீங்களே சார், அத்த இன்னா பண்றது?"

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த மனுவை எடுத்து நாலாகக் கிழித்தார். "மேலே எல்லாருக்கும் நானே சொல்லிடறேனுங்க. தப்பு எங்களுதுதான்."

மாடியில் ஒரு தலை உள்ளே போனது. அத்தோடு விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள், காபி குடிச்சிட்டுப் போங்க என்றிருப்பார்கள். சுலோசனா மகன் வைத்துவிட்டு வந்த துடைப்பத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பெருக்கிட்டுப் போங்க சார்."

அவர் ஒரு நிமிஷம் துடைப்பத்தையே பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். கசங்காத சட்டையோடு அந்த ஒரு முழச் சந்துக்குள் குனிந்து, நாலு மாடியும் பார்க்கப் பெருக்க ஆரம்பித்தார். வயசானவர், வீட்டுக்கு வந்தவர். கிருபாகரன் தாங்கமாட்டாமல், "சார், நானு..." என்று கையை நீட்டினான். சுலோசனா அவன் கையைத் தட்டிவிட்டாள். அவளுக்கும் கை பரபரத்தது, போய் வாங்கிக்கொள் என்று வளர்ந்த வளர்ப்பு முழுவதும் உள்ளே இருந்து பிடித்துத் தள்ளியது. வாங்கிக்கொள்ளவில்லை.

"அந்த மூலைல கொஞ்சம் கீது சார்" என்றாள்.