ஈயச்சட்டி வெடித்த காலை

1951, ஐப்பசி மழைக்காலம். நாகர்கோவிலில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தேன். வண்டிப் பட்டறை ஒன்றிலிருந்து ஒரு சாக்கு நிறைய உலோகத் துண்டுகள் வாங்கிப் போட்டிருந்தேன். மோட்டார்ச் சக்கரம் ஆடாமல் ஓட, அதன் விளிம்பில் மாட்டுகிற எடைக்கட்டிகள்தான் பெரும்பாலும். ஒவ்வொன்றிலும் சிறு இரும்புக் கொக்கி பதிந்திருக்கும்.

அன்று காலை முட்டத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார். முன்பின் பழக்கமில்லை. அவருடைய வலை பாறையில் சிக்கி, அடிக்கயிற்றில் கோத்திருந்த ஈயக்குண்டுகளையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தது. குண்டு இல்லாத வலை தண்ணீருக்குள் இறங்காது. புதுக்குண்டு கோக்கும்வரை அவருக்குத் தொழில் இல்லை.

சாக்கிலிருந்து ஈயத்தைத் தரம் பிரிக்க இருவருமாக உட்கார்ந்தோம். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. கத்தி இறங்கினால் ஈயம். கல்லில் போட்டால் கணீரென்பது துத்தநாகம். அது கலந்துவிட்டால் ஈயம் கட்டிகட்டியாகத் திரண்டு, குண்டு உருப்படியாக வராது. நான் ஒவ்வொரு துண்டையும் கல்லில் தட்டி, கச்சேரி கேட்பவன்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"பாட்டு கேட்டது போதும் அண்ணாச்சி. இப்பிடி இருந்தா நான் எப்பம் கடலுக்குப் போவேன்?"

"ஒம்ம மீனு எங்கயும் ஓடிராது, இரியும்" என்றேன்.

ஈயத்தைச் சட்டியில் போட்டு உருக்கினோம். கொக்கியை யாரும் கழற்றுவதில்லை. ஈயம் உருகியதும் இரும்பு மேலே மிதக்கும், கரண்டியால் வழித்துவிடலாம். அந்தக் கொக்கிக்கு அடியில் மழைநீர் ஒளிந்திருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. இன்னொரு கை அள்ளிப் போட்டதும் அந்த நீர் சட்டென ஆவியாகி, சட்டி வெடித்தது.

எனக்கு எல்லாம் இருட்டிவிட்டது. "ஐயோ, கண்ணு போச்சே" என்று அலறிக்கொண்டு ஓடினேன். தராசில் முட்டி, சாக்குக் குவியலில் குப்புற விழுந்து, கிடந்தபடியே என் பிள்ளைகளை இனி யார் காப்பாற்றுவார் என்று ஒப்பாரியும் வைத்தேன். ஒரு கை என் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தது.

"வெப்ராளப்படாதியும் அண்ணாச்சி. தலையில கட்டுன துண்டு கண்ணுல எறங்கிக் கெடக்கு, அவ்வளவுதான்."

அவர் துண்டை மேலே தூக்கியதும் எனக்கு உலகம் திரும்பக் கிடைத்தது. அதில் முதலில் தெரிந்தது அவர் முகம். வலது இமைமேல் ஒரு துளி ஈயம் வெள்ளிபோல உறைந்து ஒட்டியிருந்தது. சுற்றிலும் தோல் வெந்திருந்தது. அந்த நிலையில்தான், "தெரியுதா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

உடனே அவரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கட்டு அவிழ்க்கும்வரை கண் பிழைக்குமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. தினமும் போய் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன்.

கண் பிழைத்தது. இமைதான் அதன்பின் முழுதாக மூடவில்லை. குண்டுகளை வார்த்து எடுத்துக்கொண்டு நான் முட்டத்துக்குப் போனபோது அவர்தான் சிரித்தார். "கடல்ல கெடக்கவனுக்கு ஒரு கண்ணு எப்பவும் முழிச்சிருக்கது நல்லதுதானே அண்ணாச்சி." எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஏதாவது ஒன்று நடந்தால் முதலில் அலறுவதை நான் இன்றும் விடவில்லை. ஆனால் அலறி முடித்ததும், பக்கத்தில் சத்தம் போடாமல் இருப்பவர் யார் என்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.